மட்டக்களப்பிலிருந்து குமண வரை கரையோர வீதியில் பறவை பார்த்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதற்தடவை போகிறவர்களும் நாலைந்து தடவை போய் வந்தவர்களும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றாமல் தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முன்னே, சிக்கலானவை பின்னே.

எங்கட களப்பில நிக்கிறதெல்லாம் கொக்குதானே. அதைப் பார்க்க ஏன் வாகனம் பிடிச்சு ஓடணும்?

ஓட வேண்டியதில்லை, வீட்டுக்குப் பின்னால் உள்ள களப்போரத்திலேயே தொடங்கலாம். அங்கே கொக்கோடு நீர்க்காகம், செம்பருந்து, மூன்று வகை மீன்கொத்தி, ஆலா, உள்ளான் எல்லாம் கலந்து நிற்கும். கொக்கு பெரிதாகவும் வெள்ளையாகவும் இருப்பதால் கண் அதோடு நின்றுவிடுகிறது.

வீதியோடு தெற்கே போவதற்குக் காரணம், 110 கி.மீ. தூரத்துக்குள் களப்பு, ஆற்றுவாய், கண்டல், வயல், குளம், காடு எல்லாம் அடுத்தடுத்து வருவதுதான். வாழிடம் மாறினால் பறவையும் மாறும். மட்டக்களப்பில் இருவாட்சியைத் தேடிப் பயனில்லை. பாணமையைத் தாண்டினால் அது தானாகவே மரத்தில் வந்து இருக்கும்.

எந்த றோட்டைச் சொல்றீங்க? எவ்வளவு தூரம்?

மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஊடாக வரும் ஏ4 வீதி. மட்டக்களப்பிலிருந்து கல்முனை ஏறக்குறைய 40 கி.மீ., அங்கிருந்து அக்கரைப்பற்று 25, அதன்பின் பொத்துவில் 40க்குச் சற்று மேல். பொத்துவிலில் ஏ4 மேற்கே மொனராகலைப் பக்கம் திரும்பிவிடும். நீங்கள் தெற்கே அறுகம்குடா, பாணமை, உகந்தை என்று குமண தேசியப் பூங்காவின் வாயில் வரை போக வேண்டும். பாணமை வரை நல்ல தார் வீதி. அதற்கப்பால் கிரவல் பாதையை எதிர்பார்த்துப் போங்கள்.

எரிபொருளைப் பொத்துவிலிலேயே நிரப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள்: சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஊர்களில் ஜும்ஆ நேரத்தில் சாப்பாட்டுக் கடைகள் பூட்டியிருக்கும். 12 மணிக்கு முன் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் 2 மணி வரை பொறுங்கள்.

எந்த மாசம் போனால் கூடப் பறவை பார்க்கலாம்?

மாதத்தைக் கேட்பதைவிடத் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்பது பயன்தரும். கொசு உள்ளானுக்கு இரண்டு மூன்று சென்ரிமீற்றர் தண்ணீர் போதும், அதற்கு மேல் போனால் அதன் வயிறு நனையும். பவளக்கால் உள்ளான் ஒரு சாண் வரை இறங்கும். மஞ்சள் மூக்கு நாரை முழங்கால் அளவு தண்ணீரில் வாயைச் சற்றே திறந்து துழாவி மீன் பிடிக்கும். கூழைக்கடாவுக்கு நீந்த இடம் வேண்டும். ஆகவே களப்பு ஒரு அடி ஏறினாலும் இறங்கினாலும் அங்கே நிற்கும் பறவைகளின் பட்டியலே மாறிவிடும்.

நவம்பர் தொடக்கம் ஜனவரி வரை வாடை மழையில் களப்பு நிரம்பிச் சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும். வலசை வந்த உள்ளான்கள் இருக்கும், ஆனால் களப்பில் இருக்காது. வயல்களிலும் வெள்ளம் மேவிய புல்தரைகளிலும் சிதறிக் கிடக்கும். வெள்ளம் மிஞ்சி, ஆற்றுவாயை அடைத்து நிற்கும் மணல்திட்டை வெட்டிவிட்டால் நாலைந்து நாளில் நீர்மட்டம் இறங்கிச் சேறு வெளியே வரும். அந்த நாட்கள்தான் பொன்னான நாட்கள். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் மழை ஓய்ந்து களப்பு மெல்ல வற்றும்போதும் இதே நிலைதான், அதுவும் வாரக்கணக்கில் நீடிக்கும். ஏப்ரல் நடுவில் வலசைப் பறவைகள் பெரும்பாலும் வடக்கே திரும்பிவிடும்.

மே முதல் ஜூலை வரை கச்சான் காற்றும் வெயிலும். அப்போது உள்ளூர்ப் பறவைகள் வற்றாத குளங்களில் கூடும். ஓகஸ்ட் கடைசியிலிருந்து முதல் உள்ளான்கள் வந்திறங்கும். பெப்ரவரியையும் செப்ரெம்பரையும் விட்டுவிட்டு டிசம்பரில் வருகிறவர்கள் ஏராளம், விடுமுறை அப்போதுதான் என்பதால்.

காலையா, பின்னேரமா?

காலை 6 தொடக்கம் 9 வரை, மாலை 4 தொடக்கம் 6 வரை. நடுப்பகலில் பறவையும் நிழல் தேடும். 9 மணிக்குப் பிறகு சேற்றின் மேல் கானல் அலையடிக்கும், எவ்வளவு நல்ல பைனாகுலரிலும் உருவம் ஆடும்.

இதைவிட முக்கியம் வெயில் எந்தப் பக்கம் என்பது. கல்லடியிலிருந்து கல்லாறு வரை வீதி கடலுக்கும் களப்புக்கும் நடுவே போகிறது. காலையில் எழுவான்கரையில், அதாவது களப்பின் கிழக்குக் கரையில் நின்று மேற்கே களப்பைப் பார்த்தால் சூரியன் உங்கள் முதுகில், பறவையின் நிறம் முழுவதும் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். மாலையில் பாலத்தைத் தாண்டிப் படுவான்கரைக்குப் போய்க் கிழக்கே பாருங்கள். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, “ஒன்றும் அடையாளம் தெரியவில்லை” என்று வருகிறார்கள்.

மட்டக்களப்பு டவுனில ஒரு மணித்தியாலம்தான் இருக்கு. எங்க நிக்கலாம்?

பாலமீன்மடு. 1913இல் கட்டிய வெளிச்சவீட்டைச் சுற்றியுள்ள கண்டல் ஓரத்தில் மீன்கொத்திகளும் குருட்டுக் கொக்கும், முகத்துவார மணல்திட்டில் ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் நிற்கும். மீனவர்கள் வலை இழுக்கும் நேரம் செம்பருந்து தலைக்கு மேலேயே வட்டமிடும். வெண்வயிற்றுக் கடற்கழுகும் இடைக்கிடை வரும். செம்பருந்தைவிட மிகப் பெரியது, அடிப்பக்கம் வெள்ளை, வால் ஆப்பு வடிவம்.

அவ்வளவு தூரமும் போக முடியாவிட்டால் கல்லடியில் பழைய இரும்புப் பாலத்தில் நடந்து பாருங்கள். பாடும் மீனுக்குப் பெயர்போன இடம் என்பதால் எல்லாரும் கீழே தண்ணீரைத்தான் பார்ப்பார்கள். மேலே மின்கம்பியில் தகைவிலானும் பஞ்சுருட்டானும் வரிசையாக இருக்கும்.

மண்முனைப் பாலமா, பட்டிருப்புப் பாலமா? ரெண்டும் ஒண்டுதானே?

மண்முனை என்றே சொல்வோம். 2014இல் திறந்த அந்தப் பாலத்தின் இரு பக்கமும் அகலமான ஆழமற்ற தண்ணீர். நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், நீர்மட்டம் இறங்கிய நாட்களில் உள்ளான் கூட்டங்கள் எல்லாம் பாலத்தடியிலிருந்தே தெரியும். பாலத்தின் மேல் வாகனத்தை நிறுத்தாதீர்கள். கரையில் விட்டுவிட்டு ஓரமாக நடந்து போங்கள்.

களுவாஞ்சிகுடிக்கு மேற்கேயுள்ள பட்டிருப்புப் பாலத்தில் வாகனப் போக்குவரத்து அதிகம். ஆனால் அதைக் கடந்து படுவான்கரை வயல்வட்டைக்குள் இறங்கினால் வேறு உலகம். நத்தைகுத்தி நாரை, தாழைக்கோழி, குளத்துத் தாமரையிலையில் நீளவால் இலைக்கோழி. மாலை வெளிச்சத்துக்கு ஏற்ற பக்கமும் அதுதான். நகரத்துக்கு அருகே என்றால் வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவுப் பக்கமும் இதே மாதிரி.

கல்லாற்றில நிக்கிறதால பிரயோசனம் இருக்கா?

ஆற்றுவாய் திறந்திருந்தால் இருக்கிறது. பெரியகல்லாறு, கோட்டைக்கல்லாறு பாலங்களடியில் ஆலாக்கள் மீன் பிடிக்கும் விதத்தைப் பாருங்கள். சின்ன ஆலா அந்தரத்தில் நின்று சிறகடித்துத் தலைகீழாகப் பாயும். மீசை ஆலா தண்ணீரில் விழாமல் மேலாகக் கொத்திக்கொண்டு போகும். நிறத்தைவிட இந்தப் பழக்கம் நம்பகமான அடையாளம். வாய் மூடியிருந்தால் பத்து நிமிடம் போதும்.

பைனாகுலர் கட்டாயமா? போனால எடுத்துப் பெருசாக்கிப் பார்த்தால் காணாதா?

காணாது. களப்பில் பறவை 100 மீற்றருக்கு அப்பால் நிற்கும், போனில் வெள்ளைப் புள்ளிதான் வரும். 8×42 வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். 10×42 சற்றுக் கிட்டக் காட்டும், ஆனால் கைநடுக்கமும் பெரிதாகும், காட்சிப் பரப்பும் சுருங்கும். “30 மடங்கு, 50 மடங்கு” என்று எழுதிய மலிவான சிறிய பைனாகுலர்களில் பணத்தைப் போடாதீர்கள்.

வாகனத்துக்குள் இருந்தே பாருங்கள். வீதியோரப் பறவைக்கு வாகனம் பழக்கம், கதவைத் திறந்து கால் கீழே வைத்ததும் பறந்துவிடும். எஞ்சினை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் ஒன்றும் தெளியாது. ஒரு கிலோ பயறு நிரப்பிய துணிப்பையைக் கதவுக் கண்ணாடியின் விளிம்பில் வைத்து அதன்மேல் கமராவைச் சாய்த்தால் முக்காலி தேவையில்லை.

வெள்ளையா நிக்கிறது எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கு. எப்படிப் பிரிக்கிறது?

அலகையும் காலையும் மட்டும் பாருங்கள். அலகு கறுப்பு, கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் என்றால் சின்ன வெள்ளைக் கொக்கு. கட்டையான மஞ்சள் அலகு, மாட்டோடு அல்லது உழவு இயந்திரத்தின் பின்னால் திரிகிறது என்றால் உண்ணிக்கொக்கு. இனப்பெருக்கக் காலத்தில் இதன் தலையும் கழுத்தும் செம்மஞ்சளாகும். எல்லாரையும்விட உயரம், கழுத்து நடுவில் முடிச்சுப் போட்ட மாதிரி வளைவு என்றால் பெருங்கொக்கு.

சிக்கல் நடுத்தரக் கொக்கில்தான். அதற்கும் மஞ்சள் அலகு, கறுப்புக் கால். வாய்க்கோடு கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரம், கண்ணைத் தாண்டிப் பின்னே போனால் பெருங்கொக்கு. தூரத்தில் இது தெரியாது. தெரியாதபோது குறிப்பில் “கொக்கு” என்றே எழுதிவிடுங்கள், அதில் குறைவில்லை. சேற்று நிறத்தில் ஒடுங்கி நின்று, பறக்கும்போது திடீரென்று வெள்ளையாக விரிவது குருட்டுக் கொக்கு.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று மட்டும் கடையும் வீடும்தானே. நிக்காம ஓடிரலாமா?

பிரதான வீதியில் ஓடிவிடலாம். ஆனால் மேற்கே திரும்பும் எந்த வீதியிலும் கொஞ்சத் தூரம் போனால் வயல்தான். எந்தக் கட்டத்தில் வேளாண்மை நிற்கிறது என்பதைப் பொறுத்தது பலன். சேற்றுழவு நடக்கும் வயலில் உழவு இயந்திரத்தின் பின்னால் உண்ணிக்கொக்கும் அரிவாள் மூக்கனும் மீசை ஆலாவும் வரும். நாற்று முளைத்து அரை அடி ஆகும்வரை பவளக்கால் உள்ளான், சேற்று உள்ளான்கள். பயிர் உயர்ந்து மூடிவிட்டால் நிறுத்துவது வீண். மறுகா வேளாண்மை வெட்டும்போது வெட்டு இயந்திரத்தைச் சுற்றி மீண்டும் கூட்டம் சேரும். பெரும்போக வெட்டு மட்டக்களப்பு, அம்பாறை இரண்டிலும் பெப்ரவரி, மார்ச்சை ஒட்டி வரும். நீர்ப்பாசனம் உள்ள அம்பாறைப் பக்கத்தில் சிறுபோகமும் உண்டு.

கல்முனையிலிருந்து நாவிதன்வெளிப் பக்கம் போகும் கிட்டங்கி வீதியை மழைக்காலத்தில் பறவைக்காக நம்பிப் போகாதீர்கள். வெள்ளம் வீதியை மேவி ஓடும். தண்ணீர் வடிந்தபின் அதே இடம் அருமையானது.

திருக்கோவில் தாண்டினால் எங்க நிறுத்தணும்?

சாகாமம் குளம், திருக்கோவிலின் பெரியகளப்பு, கோமாரிப் பாலத்தடி. குளத்தில் சீழ்க்கைச் சிறகி, பாம்புத்தாரா, கூழைக்கடா. குளிர்காலத்தில் நீலச்சிறகியும் சேரும். வாத்துக் கூட்டத்தைக் குளத்து அணைக்கட்டின் மேல் ஏறிப் பார்க்காதீர்கள், வானத்தோடு சேர்ந்து உங்கள் உருவம் நிழலாக எழுந்ததும் எல்லாம் நடுக்குளத்துக்குப் போய்விடும். கட்டின் கீழிருந்து தலை மட்டும் தெரிய மெல்ல ஏறுங்கள்.

கோமாரிக்கு அருகில் சங்கமன்கண்டி முனை இலங்கையின் கிழக்கு எல்லை. அங்கே பறவையைவிடக் கடல் நன்றாக இருக்கும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பொத்துவில் களப்பில தோணிச் சவாரி கேக்கிற காசுக்குப் பெறுமதியா?

கண்டலுக்குள் இருக்கும் பறவையைக் கரையிலிருந்து பார்க்க முடியாது, ஆகவே பெறுமதிதான். இரண்டு நிபந்தனை. ஒன்று, எஞ்சின் இல்லாமல் துடுப்போ தாங்குகோலோ போட்டுப் போகும் தோணியாக இருக்கட்டும். மற்றது, காலை 6 மணி அல்லது மாலை 4 மணிக்குப் புறப்பட வேண்டும். 10 மணிக்கு ஏற்றினால் படம் எடுக்க மரம் மட்டும்தான் கிடைக்கும். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள், கையைத் தண்ணீரில் தொங்கவிடாதீர்கள், முதலை உண்டு.

குமணவுக்கு எங்கட காரிலேயே போகலாமா?

உகந்தை முருகன் கோயில் வரை காய்ந்த காலத்தில் கவனமாக ஓட்டினால் போய்விடலாம். அங்கேதான் தேசியப் பூங்காவின் நுழைவாயில். உள்ளே நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் தேவை. மணலும் ஓடைகளும் சாதாரணக் காரை விடாது. அறுகம்குடாவில் வாடகை ஜீப் பிடிக்கலாம். நுழைவுச் சீட்டை வாயிலில் எடுத்துக்கொள்ளலாம். அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் இறங்கக் கூடாது.

குமண 1938இல் பறவைகள் சரணாலயமானது, 2010இல் ராம்சார் ஈரநிலமானது (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது). 250க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. குமுக்கன் ஆற்றின் தண்ணீர் பெறும், ஏறத்தாழ 200 ஹெக்டேயர் பரப்பான வில்லும் (ஆழமற்ற இயற்கை நீர்நிலை) அதைச் சூழ்ந்த கண்டலும்தான் மையம். ஜீப்காரரிடம் “வில்லுக்கு நேரே போங்கள், சிறுத்தையும் யானையும் திரும்பும்போது பார்க்கலாம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் சிறுத்தை தேடியே காலை முடிந்துவிடும். இலங்கையில் மிக அரிதான கருங்கழுத்து நாரையைக் காண வாய்ப்புள்ள ஒருசில இடங்களில் இதுவும் ஒன்று.

மேல பெப்ரவரி எண்டு சொன்னீங்க. குமணவுக்கு மே, ஜூன்ல போகச் சொல்றாங்களே?

இரண்டும் சரி. பெப்ரவரி வலசைப் பறவைகளுக்கு, அதாவது களப்புச் சேற்றுக்கு. குமண வில்லில் நாரை, கரண்டிவாயன், கொக்கு, நீர்க்காகம் கூட்டமாகக் கூடு கட்டுவது ஏப்ரல் முதல் ஜூலை வரை. மே, ஜூனில் ஒரே மரத்தில் நாலைந்து இனம் குஞ்சோடு இருக்கும். அக்காலத்தில் மண்முனையில் உள்ளானைத் தேடாதீர்கள்.

ஆடிவேல் விழாவுக்கு முன் கதிர்காமப் பாதயாத்திரை உகந்தை வாயில் வழியாகவே காட்டுக்குள் போகும். அந்த நாட்களில் உகந்தையில் பெருங்கூட்டம், ஜீப் கிடைப்பதும் கஷ்டம். அக்காலத்தைத் தவிர்த்து முன்னதாகவே போய்வாருங்கள்.

யானை வருமாமே? பிள்ளைகளோட போகலாமா?

பொத்துவில் முதல் உகந்தை வரையும், மேற்கே லாகுகலைப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. மாலை 5.30க்கு முன் ஊருக்குத் திரும்பிவிடுங்கள். வீதியில் யானை நின்றால் ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சம் அடிக்காமல், பின்னுக்கு எடுத்துப் பொறுத்திருங்கள். உணவு வீசுவது அடுத்த வாகனத்துக்கு ஆபத்து. மோட்டார் சைக்கிளில் பாணமைக்கு அப்பால் விடிகாலையில் தனியே போவது கூடாது. பிள்ளைகளுக்குக் களப்புக்கரை ஓரத்தில் முதலை விடயத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

பூநாரை நிக்குமா?

அதை நம்பி இந்த வீதிக்கு வராதீர்கள். பூநாரைக்கு மன்னார், யாழ்ப்பாணம் பக்கம் போங்கள். இங்கே தூரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் மஞ்சள் மூக்கு நாரையின் பின்பக்க இறகு.

பறக்கிற படம் எடுக்கக் கை தட்டி எழுப்பினால் என்ன? போனில கூவல் போட்டால் கிட்ட வருமாமே?

வலசைப் பறவை மார்ச்சில் ஆயிரக்கணக்கான கி.மீ. பறக்கக் கொழுப்புச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. கூட்டமாகக் கூடு கட்டிய இடத்தில் எழுப்பினால் இன்னும் மோசம், தாய் எழும்பிய நிமிடத்தில் காகம் முட்டையைக் கொண்டுபோய்விடும். காத்திருங்கள், செம்பருந்து ஒன்று வந்தால் தானாகவே எல்லாம் எழும்பும்.

கூவல் போடுவதும் அப்படித்தான். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று நினைத்துத்தான் பறவை கிட்ட வருகிறது. தேசியப் பூங்காவுக்குள் ட்ரோன் பறக்கவிடத் தடை. வெளியேயும் அனுமதி எடுக்க வேண்டும். வழியில் முகாம்கள் உள்ள இடங்களில் பெரிய லென்சை நீட்டாதீர்கள், வீண் விசாரணை.

மணலில முட்டை கிடந்தால் எடுத்து நிழலில வைக்கலாமா?

வைக்கக் கூடாது. சின்ன ஆலா, ஆள்காட்டி, உப்புக்கொத்தி எல்லாம் வெறும் மணலில்தான் முட்டையிடும். கைவிட்டுப் போகவில்லை, நீங்கள் நிற்பதால்தான் தாய் ஒதுங்கி நிற்கிறது. வெயிலில் சில நிமிடங்களிலேயே முட்டை வெந்துவிடும், ஆகவே வந்த அடியிலேயே கால் வைத்து உடனே திரும்புங்கள். ஆள்காட்டி தலைக்கு மேல் கத்திக்கொண்டு பாய்ந்தால் முட்டை அருகில் என்று அர்த்தம். வறண்ட மாதங்களில் முகத்துவார மணலில் வாகனம் ஓட்டவே வேண்டாம்.

மட்டக்களப்பிலிருந்து ஒரே நாளில குமணவும் பார்த்துத் திரும்பலாமா?

தூரத்தைக் கணக்குப் பார்த்தால் முடியும், பறவைக் கணக்கில் முடியாது. அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டாலும் வில்லைச் சேரும்போது வெயில் ஏறிவிடும். முதல் நாள் காலை மண்முனை, கல்லாறு, பின்னேரம் பொத்துவில் தோணி, இரவு அறுகம்குடா. இரண்டாம் நாள் வாயில் திறக்கும் 6 மணிக்கு உகந்தையில் நில்லுங்கள். இதற்கு இருட்டில் புறப்பட வேண்டும், மேலே யானையைப் பற்றிச் சொன்னதற்கு இது மாறுதான். அதனால் பாதை தெரிந்த ஜீப்காரரோடு மட்டும், சொந்த வாகனத்தில் வேண்டாம்.

போன வருசம் இதே கிழமை மண்முனையில கூட்டம் கூட்டமா நிண்டது. இந்த வருசம் ஒண்டுமில்ல. வேட்டையாடிட்டாங்களா?

வேட்டை நடப்பதுண்டு, நடந்தால் அது குற்றம். காட்டுப் பறவைகளில் பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டுத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை. கண்டால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். ஆனால் ஒரு காலை வெறுமையாக இருந்ததற்கு அதைக் காரணம் சொல்லுமுன் தண்ணீரைப் பாருங்கள். மழை பிந்தியதா, ஆற்றுவாய் எப்போது திறந்தது என்று வலை போடுகிற அண்ணன்மாரிடமோ காக்காமாரிடமோ கேட்டால் திகதியோடு சொல்வார்கள்.

நீர் உயரமாக நின்றால் பறவை போயிருக்கும் இடம் பெரும்பாலும் பத்துப் பதினைந்து கி.மீ.க்குள்தான்: மேற்கே உழுத வயல், வெள்ளம் மேவிய புல்தரை, பாதி வற்றிய சிறு குளம். நீர் முழுக்க வற்றிச் சேறு வெடித்திருந்தால் எதிர்ப்பக்கமாக யோசியுங்கள், ஆற்றுவாய்க்குப் போங்கள். ஒவ்வொரு தடவையும் பாலத்தூணில் நீர்க்கோடு எங்கே நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள். இரண்டு பருவம் சேர்ந்தால், எந்தக் கோட்டில் எந்தப் பறவை நிற்கும் என்று வீட்டிலிருந்தே சொல்லலாம்.